ஓட்னி வீட்டு முன்சத்தம்

ஓட்னியின் புருஷன் சீவர்ட் கடலிலிருந்து வீட்டுக்கு இரண்டு தடவை வருவான். முதல் தடவை சத்தம் மட்டும் வரும். வாசற்படியின் ஓரத்தில் பூட்ஸைத் தட்டி ஈரத்தை உதறுவது, வெளிக்கதவின் தாழ்ப்பாள் தூக்கப்படுவது, பிறகு ஒரு தொண்டைச் செருமல். உள்ளே யாரும் வரமாட்டார்கள். ஓட்னி எழுந்து உருளைக்கிழங்குப் பானையை அடுப்பில் ஏற்றுவாள். கிழங்கு வெந்து தோல் வெடிக்கிற சமயத்தில் அதே தட்டல், அதே தாழ்ப்பாள், அதே செருமல் மறுபடி கேட்கும், இந்தத் தடவை ஆளோடு.

இதைக் கேட்டு ஸ்கார்வோய் தீவில் யாரும் வாயைப் பிளக்கமாட்டார்கள். எங்கள் கடற்கரையில் பாதி வீடுகளில் இது உண்டு. ஆள் வந்து சேருவதற்கு முன்னால் ஆளின் சத்தம் வந்து சேர்ந்துவிடும். வார்டோகர் என்று அதற்கு ஒரு பழைய பெயர். முன்சத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். பேய் பிசாசு என்று யாரும் நடுங்குவதில்லை. கூரை ஒழுகுகிற வீடு, ஜன்னல் இறுகிக்கொள்கிற வீடு என்று சொல்வதுபோல முன்சத்தம் உள்ள வீடு என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. முன்சத்தம் கேட்டால் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். வருகிறவனுக்குக் காபியோ கிழங்கோ தயார் செய்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும்.

ஓட்னி வடக்கே வேறொரு தீவில் பிறந்தவள். அவள் பிறந்த வீட்டில் முன்சத்தம் கிடையாது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் இலையுதிர் காலத்தில், சமையலறையில் தனியாக இருந்தபோது பூட்ஸ் சத்தம் கேட்டு, "சீவர்ட், மீன் கெடச்சுதா?" என்று குரல் கொடுத்தாள். பதில் வரவில்லை. கழுத்துக்குப் பின்னால் மயிர் குத்திட்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவன் நிஜமாக வந்து நின்றபோது விஷயத்தைச் சொன்னாள். அவனுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப வீடு உன்னை ஏத்துக்கிச்சு," என்றான். புதுப்பெண்ணுக்கு அது பெரிய வார்த்தை. அன்றிலிருந்து அந்தச் சத்தத்தை அவள் தன் சொத்தாக நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வேலை தீவின் மீன் பதப்படுத்தும் கூடத்தில். கண்ணாடி மேசை, கீழே பிரகாசமான விளக்கு. தோலுரித்த காட் மீன் துண்டுகளை அதன்மேல் விரித்தால் சதை ஊடுருவித் தெரியும். உள்ளே சுருண்டு கிடக்கும் புழுவைக் கத்தி முனையால் எடுத்துப் போட வேண்டும். புதிதாக வருகிற பெண்களிடம் அவள் கடுகடுப்பாகத்தான் பேசுவாள். "நல்ல மீனான்னு பாக்காதடி. நல்ல மீனான்னு பாத்தா எல்லாமே நல்ல மீனாத்தான் தெரியும். புழு எங்கன்னு பாரு." கூடத்திலேயே அவள் கையிலிருந்து தப்பிய புழு கிடையாது என்று பெயர். இப்படிப்பட்டவள் வீட்டுக்குப் போனதும் அந்த விளக்கை அணைத்துவிடுவாள். மனிதர்கள் எல்லாருமே அப்படித்தான், அவளை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் காபிக்கு வருகிற ஹெல்மர் ஒருவன்தான் இந்த விஷயத்தில் அவளைச் சீண்டுவான். சீவர்ட்டோடு ஒரே பெஞ்சில் படித்தவன். தீவிலேயே பெரிய படகு அவனுடையது. கடலில் யாருக்காவது ஆபத்து என்றால் முதலில் கூப்பிடுவது அவனைத்தான். அவனுக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது என்று அவனே பீற்றிக்கொள்வான்.

"ஓட்னி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. சத்தம் கேட்டும் இவன் வராம போன நாள் உண்டா?"

"இருந்திருக்கும். அதுக்கென்ன?"

"அப்ப அந்தச் சத்தம் என்னது?"

"அது காத்து."

"வந்தா முன்சத்தம், வரலன்னா காத்தா?"

"பின்ன? வராதவனுக்கு எப்படிடா முன்சத்தம் வரும்?"

சீவர்ட் சிரித்த சிரிப்பில் காபி மேசை விரிப்பில் கொட்டியது. "மாட்டிக்கிட்டியா! இவகிட்ட வாயக் குடுக்காதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

"தோக்கவே தோக்காத சீட்டாட்டம் ஆடறா உன் பொண்டாட்டி," என்று சொல்லிவிட்டு ஹெல்மர் இன்னொரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டான். விஷயம் அதோடு முடிந்தது. அவன் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கு அந்த மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சொன்னவனுக்கும்தான்.

நவம்பர் மாதத்தில் எங்கள் பக்கம் மத்தியானச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும். அன்றைக்கு சீவர்ட் காலையில் தன் சின்னப் படகில் தனியாகக் கிளம்பினான். கடலில் வெளியே கிடக்கிற பாறைத்திட்டுகளுக்கு அந்தப்பக்கம் போட்டிருந்த தூண்டில் வரிசைகளை இழுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவதாகச் சொன்னான். மத்தியானத்துக்கு மேல் தென்மேற்குக் காற்று பிடித்தது. பயங்கரமான புயல் ஒன்றும் இல்லை. ஆனால் சின்னப் படகில் இருக்கிறவனுக்கு விளையாட்டும் இல்லை. ஓட்னி கூடத்தில் வேலை முடிந்து வந்து, ஈரக் கோட்டைத் தொங்கவிட்டு, அடுப்பில் விறகு வைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கறுத்துவிட்டது. அப்போது கேட்டது.

பூட்ஸ் தட்டல். தாழ்ப்பாள். செருமல்.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.  பானையை ஏற்றினாள். உப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது டெலிபோன் அடித்தது. ஹெல்மர்.

"சீவர்ட் வந்துட்டானா? ரேடியோல கூப்பிட்டுப் பாத்தேன், பதிலே இல்ல."

"வந்துக்கிட்டே இருக்கான். இப்பத்தான் கேட்டேன்."

"கேட்டியா? ஆளப் பாத்தியா?"

"கேட்டேன்னு சொல்றேனே. கிழங்கே ஏத்தியாச்சு."

அந்தப்பக்கம் ஹெல்மர் ஒரு காலில் கடல் பூட்ஸை மாட்டி, இன்னொரு பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஓட்னிக்கு அது அப்போது தெரியாது. "சரி, அப்ப சரி," என்றான். "வந்ததும் ஒரு போன் போடச் சொல்லு அந்தக் கழுதைய." போனை வைத்துவிட்டு, மாட்டியிருந்த பூட்ஸைக் கழற்றிவிட்டான். எதையும் நம்பாத ஹெல்மர்தான் கழற்றினான். ஞாயிற்றுக்கிழமை காபியோடு சிரிப்பது ஒன்று. மழையில் நனைந்து இருட்டில் படகை எடுக்க வேண்டிய நேரத்தில், வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்தால் அதைச் சிரித்துத் தள்ளிவிடுவது வேறு.

கிழங்கு வெந்தது. ஓட்னி மீனைத் துண்டு போட்டு வைத்தாள். படகுக் கொட்டகையில் மீன் கழுவிக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள். காற்று அடிப்பதால் கயிற்றை இரட்டையாகக் கட்டுவான், அதற்கு நேரமாகும் என்று நினைத்தாள். துறையில் யாராவது பிடித்துவைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்றும் நினைத்தாள். ஒன்று தீர்ந்தால் அடுத்தது, கேட்காமலே காரணம் வந்து நின்றது. கிழங்கின் தோல் வெடித்து தண்ணீர் கலங்கியது. பானையை இறக்கி, ஆறாமல் இருக்கத் துணியைச் சுற்றி வைத்தாள்.

அப்போது மறுபடியும் கேட்டது. பூட்ஸ், தாழ்ப்பாள். இந்தத் தடவை ரொம்பத் தெளிவாக, செருமலுக்குப் பிறகு கையுறையை உதறுகிற சத்தம்கூடக் கேட்டமாதிரி இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கக் கூடாதே. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கதவைப் பார்த்துச் சிரித்தாள். வாசலுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பலகைக் கதவுதான். அந்தப்பக்கம் நின்றது எதுவோ, அது உள்ளேயும் வரவில்லை, திரும்பிப் போகிற சத்தமும் கேட்கவில்லை. இரண்டு தடவை கேட்டதால் இரட்டிப்பு நிச்சயம் என்று அவள் மனசு கணக்குப் போட்டது. பிற்காலத்தில் அவளால் தாங்கவே முடியாமல் போனது அந்தச் சிரிப்பைத்தான்.

கிழங்கு ஆறிப்போன பிறகுதான் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மழை பனியாக மாறிப் படியில் லேசாக விழுந்திருந்தது. அதில் ஒரு தடமும் இல்லை. கொட்டகைக்கு ஓடினாள். படகு கட்டுகிற வளையம் வெறுமையாகத் தொங்கியது. கறுப்புத் தண்ணீர் பலகைகளுக்கு அடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஹெல்மர் வீட்டுக்கு அவள் எப்படிப் போனாள் என்று அவளுக்கு நினைவில்லை. கதவைத் தட்டவில்லை, முஷ்டியால் குத்தினாள் என்று ஹெல்மரின் பெண்டாட்டி பிறகு சொன்னாள்.

அவனை மறுநாள் வெளிச்சம் வந்ததும் கண்டுபிடித்தார்கள். இயந்திரம் நின்றுபோய், படகு ஒரு பாறைத்திட்டில் மோதி உடைந்திருந்தது. அந்தத் திட்டின் உச்சியில் படகுகளுக்கு அடையாளமாக ஒரு இரும்புக் கம்பம் நடப்பட்டிருக்கிறது, ஏறுவதற்குக் கம்பிப் படிகளோடு. சீவர்ட் அதில் தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, தலையைக் கம்பத்தில் சாய்த்தபடி குளிரில் செத்துப்போயிருந்தான். ஹெல்மர்தான் கயிற்றை அவிழ்த்து இறக்கினான்.

உடம்பு வீட்டுக்கு வருவதற்குள் கதை தயாராகிவிட்டது. யார் தொடங்கினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் சீவர்ட்டின் அக்கா பெர்கிட் வாயில் அது முழு உருவம் பெற்றது. "என் தம்பி சொல்லாம போகல. உயிர் பிரியற நேரத்துல வீட்டுப் படியில வந்து நின்னு, பூட்ஸத் தட்டி, பொண்டாட்டிகிட்ட விடைபெத்துட்டுத்தான் போயிருக்கான். ரெண்டு தடவ வந்தான், பாவம். போக மனசு வரல."

கேட்டவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போதகர்கூட ஓட்னியின் கையைப் பிடித்து, "இது எல்லாருக்கும் கிடைக்கற வரம் இல்லம்மா," என்றார். அவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊருக்குத் தெரிந்தவரை அந்த வீட்டு முன்சத்தம் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பொய் சொல்லியிருந்தது. இரண்டே நாளில் அந்தப் பொய்யையே அதன் பெரிய உண்மையாக மாற்றிவிட்டார்கள். பசித்தவனுக்குச் சோறு கொடுக்கிற மாதிரி அதைக் கொண்டுவந்து ஓட்னியின் முன்னால் வைத்தார்கள். அவளுக்கும் பசிதான். சீவர்ட் அந்த நேரத்தில் இறந்துகொண்டிருந்தான், ஹெல்மர் போயிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது, அவள் போனில் சொன்ன வார்த்தையால் எதுவும் மாறவில்லை. இதை நம்பினால் மிச்ச வாழ்நாளை அவள் தலைநிமிர்ந்து கழிக்கலாம். நம்பாவிட்டால் என்ன மிஞ்சும் என்று நினைக்கவே பயந்தாள்.

அடக்கத்துக்கு முந்தின நாள் ஹெல்மரின் கொட்டகைக்குப் போனாள். அவன் குனிந்து வலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலையில் கிழிசல் ஒன்றும் இல்லை.

"ஹெல்மர், கயிறு எந்தப் படியில கட்டியிருந்துச்சு?"

"எதுக்கு இப்ப அதெல்லாம்?"

"எந்தப் படி?"

"மேல இருக்கற படியில."

"கீழ்ப் படியிலயும் ஒரு துண்டுக் கயிறு கெடந்துச்சாமே. ஸ்டைனர் சொன்னான்." ஸ்டைனர் அன்றைக்குத் தேடப் போனவர்களில் ஒருவன், அடுத்த வளைவில் குடியிருக்கிற இளைஞன்.

ஹெல்மர் நிமிரவில்லை. "கெடந்துச்சு. கத்தியால அறுத்திருந்துச்சு."

"அப்ப மொதல்ல கீழ கட்டியிருக்கான். தண்ணி ஏறினதும் அத அறுத்துட்டு, மேல ஏறி மறுபடி கட்டியிருக்கான்."

"ஓட்னி..."

"கடல் எப்ப ஏறிச்சு அன்னைக்கு?"

அவன் வலையின் ஒரு கண்ணியை விரலால் நீவினான். பிறகு, "நான் போன் பண்ணினதுக்கு அப்புறம். ரொம்ப அப்புறம்," என்றான். வலையைக் கீழே போட்டுவிட்டு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். "பெர்கிட் சொல்றத நம்பிடு ஓட்னி. எனக்காகவாவது நம்பிடு. நம்பினா நம்ம ரெண்டு பேருக்கும் ராத்திரி தூக்கம் வரும்."

அவள் வீட்டுக்கு வந்து விளக்கு ஏற்றாமல் உட்கார்ந்தாள். காற்று என்று தான் பெயர் வைத்த நாட்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கினாள். ஒரு வசந்த காலத்தில் சீவர்ட் குடலிறக்க ஆபரேஷனுக்காக நகரத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். அந்த வாரம் முழுக்கச் சாயங்காலத்தில் படியில் பூட்ஸ் தட்டியது. காற்று என்றாள். இன்னொரு நாள் அவன் அவளுக்குப் பின்னாலேயே சோபாவில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். வெளியே தாழ்ப்பாள் தூக்கப்பட்டது, தொண்டை செருமியது. திரும்பி அவனைப் பார்த்தாள், அவன் தூங்கிக்கொண்டுதான் இருந்தான். பக்கத்து வீட்டு ஆடு என்று சொல்லிக்கொண்டாள். ஆட்டுக்குத் தாழ்ப்பாள் தூக்கத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளவில்லை. சத்தம் கேட்காமலே அவன் வந்து நின்று, அவசர அவசரமாகக் கிழங்கு ஏற்றிய நாட்களும் ஏராளம். எதையும் யாரும் அவளிடமிருந்து மறைக்கவில்லை. எல்லாம் அவளே பார்த்தவை, அவளே கேட்டவை. வந்த நாட்களைச் சேர்த்து வைத்தாள், வராத நாட்களைக் குப்பையில் போட்டாள். கூடத்தில் ஒரு பெண் இப்படி மீன் பார்த்திருந்தால் அன்றைக்கே விரட்டியிருப்பாள்.

வாசலில் ஏதோ ஒரு சத்தம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கும் சீவர்ட் வருவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முடிச்சைப் போட்டது அவள்தான். இருட்டில் உட்கார்ந்துகொண்டு இதை நினைத்தபோது, அந்த முதல் இலையுதிர் காலத்தில் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தாள். முன்சத்தமாக இருந்தவரை அது அவளுடைய சத்தம். இப்போது படியில் வந்து நிற்பது யாருடையதுமில்லாத ஒன்று.

அடக்கம் முடிந்து சபைக் கூடத்தில் காபி ஊற்றினார்கள். ரொட்டி, பழுப்புப் பாலாடைக்கட்டி, பெர்கிட் சுட்ட கேக்குகள். பெர்கிட் எழுந்து நின்று, தம்பி விடைபெற வந்த கதையைக் குரல் தழுதழுக்கச் சொன்னாள். முடித்ததும் எல்லாரும் ஓட்னியைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள்.

"பெர்கிட் சொன்னது நடக்கல," என்றாள். "நான் சத்தம் கேட்ட நேரத்துல சீவர்ட் உயிரோட இருந்தான். கம்பத்துல கட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். அதுக்கு அப்புறம் கடல் ஏறி, அவன் கயித்த அறுத்து மேல கட்டியிருக்கான். யாராவது வருவாங்கன்னு நெனச்சாத்தான் ஒருத்தன் மேல ஏறிக் கட்டுவான். ஹெல்மர் போறேன்னு நின்னான். நான்தான் வந்துக்கிட்டே இருக்கான்னுட்டேன்."



மூலையிலிருந்து ஹெல்மர் எழுந்தான்.  "இவ சொன்னா, சரி. பூட்ஸக் கழட்டினது நான். அத யாரும் எனக்காகக் கழட்டல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

பெர்கிட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "கடைசியா என் தம்பி வந்து நின்ன வாசல்ல கதவ அடிச்சுச் சாத்தறியே, நீ மனுஷிதானா? உனக்கு வேணாம்னா போ. எங்களுக்காவது விட்டு வைக்கக் கூடாதா?"

"விட்டு வச்சா அடுத்தவ கிழங்கு ஏத்துவா பெர்கிட்."

அதற்குப் பிறகு பெர்கிட் அவளோடு பேசவில்லை. இன்னும் சிலரும் தெருவைக் கடந்து அந்தப்பக்கம் போனார்கள். ஓட்னி கல்நெஞ்சுக்காரி என்று பெயர் எடுத்தாள். தனக்குத்தானே தண்டனை கொடுத்துக்கொள்கிறாள் என்று இரக்கப்பட்டவர்களும் உண்டு, அவர்கள் தொல்லைதான் இன்னும் பெரிது. அவள் கூடத்தில் மீன் பார்த்தாள், வீட்டுக்கு வந்தாள், தனக்கு மட்டும் கிழங்கு வேகவைத்தாள். சத்தம் மட்டும் நிற்கவில்லை. சீவர்ட் இருந்தபோது வந்த மாதிரியே வந்தது. பூட்ஸ், தாழ்ப்பாள், செருமல்.

இப்போது அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். ஒவ்வொரு தடவையும்.  திறந்தால் படி இருக்கும், பனி இருக்கும், தூரத்தில் துறையின் விளக்கு எரியும். தடம் இருக்காது. பார்த்துவிட்டுச் சாத்துவாள். பலகை குளிரில் சுருங்குகிற சத்தமா, சுவருக்குள் ஏதாவது பிராணியா, தன் காதே தனக்குச் சொல்கிற கதையா என்று பல நாள் தேடினாள். கண்டுபிடிக்க முடியவில்லை. தெரியவில்லை என்று விட்டுவிட்டாள். தெரியாத ஒன்றைத் தெரியாததாகவே வீட்டில் வைத்துக்கொண்டு வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்பது, செய்துபார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டு மூன்று குளிர்காலம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் ஸ்டைனரின் மனைவி தூரிட் போன் செய்தாள். குரலில் சிரிப்பும் அழுகையும் கலந்திருந்தது.

"ஓட்னியக்கா, ஸ்டைனர் இன்னும் வரல. காலைலயே போனவரு. ஆனா பயமில்லக்கா, இப்பத்தான் கேட்டேன், மொத தடவ! படியில அவரு நடக்கற சத்தம். உங்களுக்குக் கேக்குமே அதே மாதிரி. சும்மா உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

"போனக் கீழ வச்சுட்டுப் போய்க் கதவத் தொற."

"ஐயோ, தொறக்கக் கூடாதேக்கா."

"தொறடி!"

ரிசீவரில் காலடிகள் கேட்டன, பிறகு காற்று. தூரிட் திரும்பி வந்தபோது சிரிப்பு போயிருந்தது. "யாருமில்லக்கா."

"அப்ப அவன் வரல. ஹெல்மரக் கூப்பிடு. இல்ல, நானே கூப்பிடறேன்."

ஹெல்மர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு படகுகளையும் கூட்டிக்கொண்டு போனான், திட்டுத் திட்டாக விளக்கடித்துத் தேடினார்கள். ஸ்டைனர் பக்கத்துத் தீவில் ஒரு நண்பன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் தின்றுகொண்டிருந்தான். வானிலையைப் பார்த்து அங்கேயே ஒதுங்கிவிட்டான். அந்த வீட்டில் டெலிபோன் வேலை செய்யவில்லை. கறித்துண்டு வாயில் இருக்கும்போதே மூன்று படகுகள் தன்னைத் தேடி வந்து நின்றதைப் பார்த்தான்.

தீவு முழுக்கச் சிரித்தது. ஓட்னிக்குக் காதும் போச்சு, புத்தியும் போச்சு என்றார்கள். ஒருவனைக் கறிச்சட்டியிலிருந்து காப்பாற்றிய வீரப்பெண் என்று கடையில் வைத்துக் கிண்டல் செய்தார்கள். மறுநாள் இருட்டுகிற நேரத்தில் ஸ்டைனரே அவள் வீட்டுக்கு வந்துவிட்டான், கோபத்தில் மூச்சு வாங்க.

"என்னக்கா இது? என்னை ஊர் சிரிக்க வச்சுட்டீங்களே! பக்கத்துத் தீவுக்காரன் எல்லாம் கேக்கறான், சாப்பிடப் போறதுக்கு முன்னாடி மீட்புப்படகுக்குச் சொல்லிட்டியான்னு. தூரிட்டுக்குத்தான் சத்தம் கேட்டுச்சுல்ல? நான் மறுநாள் காலைல வந்துட்டேன்ல? அப்ப அது சரியாத்தானே சொல்லியிருக்கு?"

ஓட்னி அவன் கத்துவதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். ஈரக் கம்பளிச் சட்டை, சிவந்த மூக்கு, வாயிலிருந்து ஆவி. கை நீட்டி அவன் முழங்கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. அடக்கத்தின்போது அழாத அவள், ஒரு முட்டாள் பையனின் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்க அழுதாள். ஸ்டைனருக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "சரிக்கா, சரிக்கா," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"திட்டுடா," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நல்லா திட்டு. திட்டறதுக்கு நீ இருக்க."

காபி ஊற்றி அவனை உட்காரவைத்தாள். அவன் முதல் வாய் குடிப்பதற்குள் வெளியே பூட்ஸ் தட்டியது. தாழ்ப்பாள் தூக்கப்பட்டது. யாரோ செருமினார்கள். ஸ்டைனர் கோப்பையைக் கீழே வைத்தான். "யாரோ வர்றாங்க," என்றான்.

அப்படியென்றால் அவனுக்கும் கேட்கிறது. சீவர்ட் போன பிறகு இந்த வீட்டில் அவளைத் தவிர வேறு யாருக்கும் அது கேட்டதில்லை.  ஆனால் அவள் எழுந்தாள், வழக்கம்போல.

"தொறக்காதீங்கக்கா," என்று அவன் கிசுகிசுத்தான். "சீவர்ட்டண்ணன்."

"அதான் பாக்கப் போறேன்."

கதவு வரைக்கும் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். ஒன்றை அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள், ஹெல்மரிடம்கூட. வெளியே யாரும் இருக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அறுத்த கயிறும் ஏறிய கடலும் தெரியும். ஆனாலும் கை தாழ்ப்பாளைத் தொட்டு, கதவு இன்னும் திறக்காமல் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், சீவர்ட் படியில் நிற்கிறான், பூட்ஸில் ஈரம், பசியோடு. அதை அவள் நம்பவில்லை. விடவும் முடியவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் கதவைத் திறந்து அவனைத் தன் கையாலேயே இல்லாமல் ஆக்கிவிட்டுத்தான் அவள் சாப்பிட உட்காருகிறாள்.

ஓட்னி கதவைத் திறந்தாள்.